கஸ்தூரிக்கு மாற்று எழுதிய மேதை அல்-கிந்தி

மேருவிலும் கிள்ளானிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சரக்கைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விரல் நீளக் கண்ணாடிச் சீசா. மூடியைத் திறந்தால் முதலில் லீச்சிப் பழத்தின் இனிப்பு, பின்னால் ரோஜா. பெயர் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனியார் பல நூறு வெள்ளிக்கு விற்கும் செண்டை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, சாதாரண மனிதர் பத்து இருபது வெள்ளியில் வாங்கும்படி கூட்டியது. பெருநாள் நெருங்கும் நாட்களில் இதற்கு நல்ல கிராக்கி.

வாங்க வருகிறவர்களில் இரு விதத்தார் உண்டு. வாசனை பிடித்துவிட்டால் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் ஒரு விதம். மற்றவர், இது அந்தப் பெரிய கம்பெனியின் சரக்குதானா என்று விசாரிப்பார். இல்லையென்று சொன்னால், அப்படியானால் இது போலியல்லவா, போலியை விற்பது மார்க்கத்தில் ஆகுமா என்று அடுத்த கேள்வியையும் போடுவார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் காலத்தில் முளைத்ததன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே பாக்தாது நகரின் வாசனைக் கடைத்தெருவைச் சுற்றி எழுந்த கேள்வி இது. அதற்குக் காரணமாயிருந்தவர் ஒரு வியாபாரியுமல்லர். அரபு மக்களின் தத்துவ ஞானி என்று உலகம் போற்றும் அல்-கிந்தி அவர்கள்தாம். அன்னாரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கும் பலருக்கு, அன்னார் வாசனைச் சரக்கைப் பற்றி ஒரு நூல் எழுதி வைத்ததும், அந்த நூலை ஒருவர் கிழித்தெரிக்கச் சொன்னதும் தெரிந்திராது.

முழுப் பெயர் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி. கி.பி. 801-ஐ ஒட்டி இராக்கிலுள்ள கூஃபா நகரில் பிறந்தார்கள். கிந்தா என்பது தென் அரேபியாவின் பழம்பெரும் கோத்திரம். ஒரு காலத்தில் அரசாண்ட குலமும் ஆகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலே இஸ்லாத்தை ஏற்ற அஷ்அத் இப்னு கைஸ் என்னும் தலைவரின் வழியில் வந்தவர்கள் இவர்கள். தகப்பனார் கலீஃபா மஹ்தீ, கலீஃபா ஹாரூன் ரஷீத் ஆகிய இருவரின் ஆட்சியிலும் கூஃபாவின் கவர்னராக இருந்தார். பிள்ளைக்குச் சிறு வயதாயிருக்கும்போதே காலமானார். ஆயினும் வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. பஸ்ராவிலும் பிறகு பாக்தாதிலும் கல்வி பயின்றார்கள்.

அந்நாளைய பாக்தாது எப்படிப்பட்ட ஊர் என்பதை வியாபாரிகளாகிய நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 762-ல் கலீஃபா மன்சூர் அடித்தளமிட்ட நகரம், ஐம்பது ஆண்டுகளுக்குள் உலகச் சந்தையாகிவிட்டது. பாரசீகத்தின் ஃபார்ஸ் மாகாணம் பாக்தாதுக்கு ஆண்டுதோறும் செலுத்திய வரியில் 30,000 சீசாப் பன்னீரும் அடங்கும் என்று இப்னு கல்தூன் தமது நூலில் கணக்குக் கொடுத்திருக்கிறார். பணம் மட்டுமல்லாமல் பன்னீரும் வரியாகப் போயிற்று! நம் வீட்டுக் கலியாணத்தில் வாசலில் நின்று பன்னீர்ச் செம்பை ஆட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் எவ்வளவு தூரம் ஓடுகிறது பாருங்கள்.

ரோஜா பக்கத்து நாட்டில் விளைந்தது. மற்ற வாசனைப் பொருள்களோ வெகு தொலைவிலிருந்து வந்தன. கஸ்தூரி திபெத்திலிருந்தும் சீனத்திலிருந்தும், சந்தனமும் அகிலும் இந்தியாவிலிருந்தும் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்தும், கற்பூரம் சுமத்ராத் தீவிலுள்ள பாரூஸ் பக்கத்திலிருந்தும் போயின. அரபிகள் அந்த ஊரை ஃபன்ஸூர் என்பார்கள். கப்பல்காரர்களின் செய்திகளைத் திரட்டி 851-ல் எழுதப்பட்ட அரபு நூலொன்று இந்தக் கடல் வழியை விவரிக்கிறது. மஸ்கத்திலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் கொல்லம், அங்கிருந்து கடலைக் கடந்து கலா என்னும் துறை, அப்புறம் சீனம். இந்தக் கலா நம் கடாரமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். நமது கிள்ளான் கரையைத் தொட்டுக் கிடக்கும் மலாக்கா நீரிணை, அல்-கிந்தி அவர்கள் உயிரோடிருந்த காலத்திலேயே பாக்தாதுக் கடைத்தெருவுக்கு வாசனை அனுப்பிய பாதை.

இவ்வளவு தூரம் கடல் கடந்து போன சரக்கு என்ன விலை விற்றிருக்கும்? அசல் கஸ்தூரி கலீஃபாவுக்கும் மந்திரிமார்களுக்குமே கட்டுப்படியாகும். கஸ்தூரி, அம்பர் முதலியவற்றைக் கூட்டிச் செய்யும் காலியா என்னும் பூச்சு வாசனை அரண்மனைக்குரிய பொருளாயிருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

813-ல் பட்டத்துக்கு வந்த கலீஃபா மஃமூன் கல்வியில் பேராவல் கொண்டவர். கிரேக்க, பாரசீக, இந்திய நூல்களையெல்லாம் அரபியில் பெயர்க்கும் பெரும் பணி அவர் காலத்தில் ஓங்கிற்று. அல்-கிந்தி அவர்கள் அப்பணியின் நடுநாயகமாக விளங்கினார்கள். தாமே பெயர்த்தார்கள் என்பதைவிட, பெயர்ப்பாளர் பலரை வைத்து வேலை வாங்கித் திருத்தினார்கள் என்பதே பொருந்தும். மஃமூனுக்குப் பின் வந்த கலீஃபா முஃதஸிம், தம் மகன் அஹ்மதுக்கு இவர்களையே ஆசானாக நியமித்தார். முதல் தத்துவத்தைப் பற்றித் தாம் இயற்றிய புகழ் பெற்ற நூலை அல்-கிந்தி அவர்கள் அந்தக் கலீஃபாவுக்கே காணிக்கையாக்கினார்கள். உண்மை எந்த நாட்டாரிடமிருந்து வந்தாலும் பெற்றுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம் என்பது அதில் அவர்கள் வற்புறுத்தும் கருத்து.

எழுதிய நூல்களின் கணக்கு நம்மை மலைக்க வைக்கும். பாக்தாதில் புத்தக வியாபாரம் செய்த இப்னு நதீம், பத்தாம் நூற்றாண்டில் தொகுத்த பட்டியலில் அல்-கிந்தி அவர்களின் பெயரால் ஏறக்குறைய 260 நூல்களைக் குறிக்கிறார். (ஒரு கடைக்காரர் எழுதிய சரக்குப் பட்டியல், சரித்திர ஆசிரியர்களுக்கெல்லாம் ஆதாரமாக நிற்பதை எண்ணி நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) வானசாஸ்திரம், கணிதம், வைத்தியம், சங்கீதம், கண் பார்வை, கடல் ஏற்ற இறக்கம் என அவர்கள் தொடாத துறையில்லை. இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறை பற்றி நான்கு பகுதிகள் எழுதினார்கள். குவாரிஸ்மியும் இவர்களும் செய்த முயற்சியால்தான் அந்த எண்கள் அரபு நாடுகளில் பரவின. ரகசியக் கடிதத்தில் எந்த எழுத்து அதிகமாக வருகிறதென்று எண்ணிப் பார்த்து அதன் பொருளை உடைக்கும் உபாயத்தை எழுதி வைத்தவர்களும் இவர்களே.

மருந்துகளைக் கலப்பது பற்றிய நூல் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. ஒரு மருந்தின் சூடு, குளிர்ச்சி இவற்றைப் படிப்படியாக அளவிட்டு, பல மருந்துகளைச் சேர்க்கும்போது கூட்டுச் சரக்கின் வீரியம் எவ்வளவாகும் என்பதைக் கணக்கால் காண முயன்றார்கள். கைப்பக்குவம் என்று வைத்தியர்கள் மறைத்து வைத்திருந்ததைத் தராசுக்குக் கொண்டுவந்த முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

அதே தராசை வாசனைச் சரக்கின் பக்கமும் திருப்பினார்கள். வாசனை ரசாயனமும் வாலை வடித்தலும் என்று பொருள்படும் பெயரையுடைய நூல் அது. நூற்றுக்கு மேற்பட்ட முறைகள் அதிலே உள்ளன. வாசனைத் தைலங்கள், காலியா, பன்னீர், கற்பூரம் என எத்தனையோ. நீராவியில் பூவை வைத்து வாலையில் வடித்து, சத்தை இறக்கும் விதத்தையும் எழுதியிருக்கிறார்கள். அக்காலத்துப் பன்னீர் வியாபாரத்துக்கு ஆதாரமான வித்தை இதுவே.

நூலில் ஆச்சரியமான பகுதி வேறொன்று. அசல் கஸ்தூரிக்கும் அம்பருக்கும் குங்குமப்பூவுக்கும் மாற்றுச் சரக்குச் செய்யும் முறைகள் அதிலே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றன. விலை குறைந்த வாசனைப் பொருள்களைப் பக்குவப்படுத்தி, அசல் கஸ்தூரியில் சிறிதளவைக் கூட்டி, அதே மணத்தைப் பெருக்கும் முறைகளும் உண்டு. இன்ன பொருள் இத்தனை மிஸ்கால் என்று நிறை குறிக்கப்பட்டிருக்கும். நம் கடையில் இன்று இருக்கும் மலிவு விலைச் செண்டுக்கு மூத்த தகப்பன் இந்தக் கஸ்தூரிதான் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

பழ வாசனையைக்கூட நம் காலத்துப் புதுமை என்று எண்ண வேண்டாம். ஆப்பிள், சீமை மாதுளை, நாரத்தைத் தோல் இவற்றை ரோஜாவோடு சேர்த்து வாசனை கூட்டுவது பழைய அரபு நாட்டு வழக்கமே. ரோஜாவும் பழமும் ஏன் ஒத்துப் போகின்றன என்பதற்கு இக்கால ரசாயனம் ஒரு காரணம் சொல்கிறது. ரோஸ் ஆக்ஸைடு என்னும் பொருள் ரோஜாத் தைலத்திலும் இருக்கிறது. லீச்சிப் பழத்திலும் இருக்கிறது. ஆகவே லீச்சி மணமுள்ள ரோஜாச் செண்டு என்பது இரு வேறு வாசனைகளை வலிந்து ஒட்டியதன்று. உறவினர் இருவரை ஒரு வீட்டில் குடிவைத்தது போன்றது.

விலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ அசல் ரோஜாத் தைலம் இறக்குவதற்கு மூவாயிரம் நாலாயிரம் கிலோ பூ வேண்டும். அதுவும் விடியற்காலையில் கையால் பறித்த பூ. தங்கத்தைப் போல் விற்காமல் வேறெப்படி விற்கும்? அதே தைலத்திலுள்ள ஜெரானியோல், சிட்ரோனெல்லோல் முதலிய வாசனைச் சத்துகளைச் சில புற்களிலிருந்தும் எடுக்கலாம். ரசாயனச் சாலையிலும் ஆக்கலாம். கஸ்தூரியும் அப்படியே. 1888-ல் ஜெர்மானிய ரசாயனி ஆல்பர்ட் பவுர் வெடிமருந்தை ஆராயப் போய், எதிர்பாராமல் கஸ்தூரி மணமுள்ள பொருளைக் கண்டார். கஸ்தூரி மான் இன்று சர்வதேச ஒப்பந்தத்தால் பாதுகாக்கப்படும் பிராணி. அதனால் நாம் கடையில் கஸ்தூரி என்று விற்கும் அத்தரெல்லாம் ஏறக்குறைய மாற்றுச் சரக்கே. அல்-கிந்தி அவர்கள் கஸ்தூரிக்கு மாற்றுத் தேடினார்கள் என்று முகம் சுளிக்கிறவர், தம் சட்டையில் பூசியிருப்பது என்னவென்று பார்த்துக்கொள்வது நல்லது.

நிற்க. இதே அல்-கிந்தி அவர்கள் மற்றொரு நூலும் எழுதினார்கள். செம்பையும் ஈயத்தையும் பொன்னாக்கித் தருகிறோம் என்று ஊரை ஏய்த்துத் திரிந்த ரசவாதிகளின் வஞ்சகத்தை எச்சரிக்கும் நூல் அது. இயற்கை மட்டுமே செய்யக்கூடியதை மனிதன் செய்ய முடியாது என்பது அவர்களின் முடிவு. பின்னர் வந்த பெரும் வைத்தியர் ராஸீ இதை மறுத்து எழுதினார். ஆக, கஸ்தூரிக்கு மாற்றுச் செய்முறை எழுதிய அதே கை, பொன் செய்கிறோம் என்பவர்களைப் பித்தலாட்டக்காரர்கள் என்றும் எழுதியது. முரண்பாடு போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசவாதி இது பொன்னேதான் என்று சாதித்துப் பணம் பறிக்கிறான். மாற்றுக் கஸ்தூரி செய்பவனுக்கோ இன்னும் வழி திறந்திருக்கிறது. இது கூட்டிய சரக்கு என்று சொல்லி விற்கலாம், சொல்லாமலும் விற்கலாம். அவன் வியாபாரியா வஞ்சகனா என்பது அந்தச் சொல்லில் இருக்கிறது.

மேதையின் குணாதிசயம் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கால எழுத்தாளர் ஜாஹிழ், கருமிகளைப் பற்றி எழுதிய நகைச்சுவை நூலில் அல்-கிந்தி என்றொரு வீட்டுச் சொந்தக்காரரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். குடியிருப்பவர் வீட்டுக்கு இரண்டு விருந்தாளிகள் ஒரு மாதம் தங்க வந்தார்களாம். உடனே வாடகையைக் கூட்டிவிட்டாராம். ஆள் கூடினால் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும், சாக்கடைக் குழி சீக்கிரம் நிரம்பும், கால் மிதிபட்டுத் தளம் தேயும் என்று நீண்ட கணக்கு வேறு! தத்துவ ஞானியும் இந்த வீட்டுக்காரரும் ஒருவர்தாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கடை வாடகை கொடுத்துப் பழகிய நமக்கு அந்தக் கணக்கு புதிதாகத் தோன்றாது.

இனி வருவது துயரமான பகுதி. 847-ல் முதவக்கில் கலீஃபாவானார். முந்திய கலீஃபாக்கள் ஆதரித்த தத்துவப் போக்குக்கு அரண்மனையில் மதிப்புக் குறைந்தது. அதோடு பொறாமையும் சேர்ந்துகொண்டது. பனூ மூஸா என்று பெயர் பெற்ற சகோதரர்களில் முஹம்மது, அஹ்மது என்னும் இருவர் கணிதத்திலும் யந்திர வித்தையிலும் கைதேர்ந்தவர்கள். கல்வியாளரேயானாலும் தமக்குப் போட்டியாக யாரும் இருப்பதை அவர்கள் பொறுக்கவில்லை. கலீஃபாவிடம் கோள் மூட்டினார்கள். முதிய வயதில் அல்-கிந்தி அவர்கள் அடி வாங்கினார்கள். அதைவிடக் கொடுமை, அவர்களின் நூலகம் முழுவதையும் அச்சகோதரர்கள் கைப்பற்றி, தனியிடத்தில் பூட்டி, அதற்குக் கிந்திய்யா என்று பெயருமிட்டார்கள். பல ஆண்டுகளாகச் சேர்த்த ஏடுகள்! ஒரு வியாபாரியின் கிட்டங்கியை ஒரே இரவில் வாரிக்கொண்டு போனதற்கு ஒப்பு.

அந்த நூல்கள் திரும்பி வந்த கதை விசித்திரமானது. முதவக்கில் தம் பெயரால் ஜஃபரிய்யா என்னும் புதிய நகரம் கட்டி, அதற்குக் கால்வாய் வெட்டும் பொறுப்பைப் பனூ மூஸாவிடம் விட்டார். அவர்கள் அதை ஃபர்கானீ என்பவரிடம் ஒப்படைத்தார்கள். ஃபர்கானீ வானசாஸ்திரத்தில் பெயர் பெற்றவர். ஆனால் கால்வாயின் வாய்ப்பகுதியை மற்றப் பகுதியைவிட ஆழமாக வெட்டி வைத்துவிட்டார். வாயில் தண்ணீர் நிறைந்தாலும் உள்ளே ஓடாது. செய்தி கலீஃபாவின் காதுக்கு எட்டியது. ஸிந்து இப்னு அலீ என்னும் நிபுணரை வரவழைத்து, சோதித்துச் சொல்லும்படி கட்டளையிட்டார். தவறு உண்மையானால் பனூ மூஸா இருவரையும் அந்தக் கால்வாய்க் கரையிலேயே கழுவேற்றுவதென்று ஆணையும் பிறந்தது.

இருவரும் ஸிந்து இப்னு அலீயின் காலில் விழாத குறையாக மன்றாடினார்கள். அவரோ இவர்களால் முன்பு அரண்மனையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டவர். அல்-கிந்தி அவர்களிடத்தில் அவருக்குப் பெரிய நேசமும் இல்லை. இருந்தாலும் அந்த மனிதருக்கு நீங்கள் செய்தது அநியாயம், நூல்களை முழுவதும் திருப்பிக் கொடுக்காத வரையில் உங்களுக்காக ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிட்டார். வேறு வழியில்லை. நூல்கள் திரும்பின. ஒன்றும் குறையாமல் வந்து சேர்ந்தன என்று அல்-கிந்தி அவர்கள் தம் கையால் எழுதிக் கொடுத்த ரசீதைக் கண்ட பிறகே ஸிந்து அசைந்தார். டைகிரிஸ் நதியில் வெள்ளம் பெருகும் காலம் அது. நாலு மாதத்துக்குத் தவறு வெளியே தெரியாது. கால்வாயில் குற்றமில்லை என்று கலீஃபாவிடம் தெரிவித்தார். வெள்ளம் வடிவதற்குள், 861-ல், முதவக்கில் தம் சேவகர்களாலேயே கொல்லப்பட்டார். பனூ மூஸா தப்பினார்கள்.

ஸிந்து பொய் சொன்னது சரியா என்று கேட்டால், சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிறருடைய உரிமைக்காக, அதுவும் தமக்குப் பிரியமில்லாத ஒருவரின் உரிமைக்காக, ரசீது கேட்டு வாங்கிய அந்தக் கண்டிப்பை வியாபாரிகளாகிய நாம் மெச்சாமலிருக்க முடியாது.

கவலையைப் போக்கும் உபாயம் பற்றி அல்-கிந்தி அவர்கள் எழுதிய சிறு நூலொன்று இன்றும் கிடைக்கிறது. இழக்கக்கூடிய பொருளில் மனத்தைக் கட்டி வைத்தவனுக்குக் கவலை தீராது என்பது அதன் சாரம். அதற்கு ஒரு கப்பல் பயணத்தை உவமையாகக் காட்டுகிறார்கள். கப்பல் ஒரு கரையில் நங்கூரம் போடுகிறது. பயணிகள் இறங்குகிறார்கள். சிலர் வேலையை முடித்துக்கொண்டு உடனே திரும்பி, விசாலமான நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் அழகான கற்களையும் சிப்பிகளையும் மணமுள்ள பூக்களையும் மூட்டை கட்டிக்கொண்டு தாமதமாக வருகிறார்கள். கிடைப்பதோ நெருக்கடியான மூலை. மூட்டையை வைக்க இடமில்லை. சில நாளில் பூக்கள் அழுகி நாறத் தொடங்குகின்றன. கடைசியில் எல்லாவற்றையும் கடலில் எறிகிறார்கள். பூவின் மணத்தை வாலையில் பிடித்து வைக்கத் தெரிந்தவர் எழுதிய உவமை என்பதை நினைத்துப் படித்தால் அதன் அழுத்தம் கூடுதலாகத் தெரியும்.

870-ஐ அடுத்த சில ஆண்டுகளில் பாக்தாதில் அன்னார் காலமானார்கள். அரண்மனையின் ஆதரவு கடைசி வரையில் பழையபடி திரும்பவில்லை. மருந்துக் கலவை நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா ஊர் ஜெரார்டு லத்தீனில் பெயர்த்தார். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோ, உலகின் தலைசிறந்த பன்னிரண்டு மூளைகளில் ஒன்றாக அல்-கிந்தி அவர்களைக் கணக்கிட்டார்.

சொந்த நாட்டில் வாசனை நூலுக்குக் கிடைத்த வரவேற்பு வேறு விதம். ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில் ஷாம் நாட்டில் ஷைஸரீ என்றொருவர், சந்தை மேற்பார்வையாளராகிய முஹ்தஸிபுகளுக்கு வழிகாட்டி நூல் எழுதினார். ரொட்டிக் கடையிலிருந்து அத்தர்க் கடை வரையில் எந்தெந்தச் சரக்கில் என்னென்ன கலப்படம் நடக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அதில் உண்டு. சமையற்காரர்களைப் பற்றிப் பேசும்போது, இறைச்சியில்லாமல் இறைச்சிக் கறியும், ஈரலில்லாமல் ஈரல் வறுவலும், முட்டையில்லாமல் முட்டைப் பொரியலும் செய்யும் வித்தைகளை அல்-கிந்தி எழுதி வைத்திருப்பதாகக் குறிப்பிடுகிறார். (இன்று நம் பேரங்காடிகளில் சோயா இறைச்சி என்று பகிரங்கமாக விற்கிறார்கள். வாங்குகிறவரும் தெரிந்தே வாங்குகிறார்.) மருந்து, வாசனைச் சரக்கு பற்றிய அதிகாரத்தில் ஷைஸரீ இன்னும் கடுமையாகிறார். எல்லாருக்கும் தெரிந்த கலப்படங்களை மட்டுமே தாம் எழுதியதாகவும், மார்க்கப் பற்றில்லாதவர் கற்றுக்கொண்டு முஸ்லிம்களை ஏமாற்றிவிடுவார்கள் என்று அஞ்சி மற்றவற்றை விட்டுவிட்டதாகவும் சொல்லுகிறார். அவற்றில் பெரும்பாலானவை வாசனை ரசாயன நூலில் இருக்கின்றன என்று சுட்டிக்காட்டி, அந்த நூல் கையில் கிடைத்து அதைக் கிழித்து எரிப்பவருக்கு அல்லாஹ் அருள் செய்வானாக என்று துஆவும் செய்கிறார்.

இருவரில் யார் சொல்வது சரி? ஷைஸரீயை நான் குறை கூற மாட்டேன். அன்றாடம் சந்தையில் நின்றவர் அவர். செய்முறை திருடன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர். அவருடைய பயம் வீணன்று என்பதற்குப் பிற்காலத்து இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. வட இந்தியாவில் ரோஷாப் புல் என்றொரு புல் உண்டு. அதிலிருந்து இறக்கும் எண்ணெய் ரோஜாவைப் போல் மணக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த எண்ணெய் பம்பாயிலிருந்து கப்பலேறி, செங்கடல் துறைகள் வழியாகக் கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ரோஜாத் தோட்டங்களுக்குப் போய், வாலையில் போடுவதற்கு முன் பூவின் மேலேயே தெளிக்கப்பட்டு, அசல் ரோஜாத் தைலம் என்ற பெயரில் ஐரோப்பாவில் விலையானது. பம்பாயில் ரோஷா எண்ணெய் என்று சொல்லி விற்றபோது அது ஹலாலான, மலிவான, நல்ல சரக்கு. அதே எண்ணெய் பெயரை மாற்றிக்கொண்டதும் மோசடியாயிற்று. எண்ணெயில் ஒரு துளியும் மாறவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நாமெல்லாம் அறிந்ததே. விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னபோது, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே போட்டிருக்கலாமே என்று கேட்டார்கள். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் தடுக்கவில்லை. மேலே போடச் சொன்னார்கள். வாங்குகிறவன் கண்ணால் பார்த்து அதற்குத் தக்க விலை கொடுப்பான்.

நம் சீசாவுக்கும் இதுவே கணக்கு. ரோஜாவும் லீச்சியும் மணக்கும் இருபது வெள்ளிச் செண்டைச் சொந்தப் பெயரில், இது கூட்டிய சரக்கு, இன்ன வாசனையை அனுசரித்தது என்று சொல்லி விற்பதில் எனக்கு மனச்சங்கடம் இல்லை. தொழிற்சாலையில் வேலை செய்து மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளையும் பெருநாளில் மணக்கட்டுமே! பெரிய கம்பெனியின் பெட்டியைப் போலவே பெட்டி அச்சடித்து, அதன் பெயரையும் முத்திரையையும் ஒட்டி, கேட்டால் அசலென்று தலையாட்டுவது வேறு. அது நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைப்பது. இது பெரிய கம்பெனியைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வதன்று. ஏமாறுகிறவர் நம் வாடிக்கைக்காரர்.

ஷைஸரீயின் துஆ அந்த நூலைப் பொறுத்தவரை நிறைவேறவில்லை. யாரோ ஒரு எழுத்தர் அதைப் பிரதி எடுத்தார். அந்தப் பிரதி கைமாறிக் கைமாறி இஸ்தான்புலில் அயா ஸோஃபியாவின் ஏட்டுத் தொகுதியில் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மனி இடிந்து கிடந்த நாளில், 1948-ல், கார்ல் கார்பர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அரபு மூலத்தோடு ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து லீப்ஸிக் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். கஸ்தூரிக்கு எத்தனை மிஸ்கால், பன்னீருக்கு எவ்வளவு நெருப்பு என்று அல்-கிந்தி அவர்கள் சொன்ன 107 முறைகளும் அதில் அப்படியே இருக்கின்றன.